தோல்வியைச் சொல்ல எந்தச் சொல்?



பேருந்தைத் தவறவிட்டாலும், போட்டியில் தோற்றாலும், ஆசையாய் வளர்த்த கிளி பறந்து போனாலும் தமிழில் அதைச் சொல்ல உங்களுக்குத் தடுமாற்றமே வராது. 'அடடா', 'பாவம்', 'என்ன செய்வது' என்று சொற்கள் தாமாக வந்து விழும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மட்டும், எல்லாவற்றுக்கும் 'வெரி சேட்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடுகிறீர்கள்! வருத்தத்தையும் தோல்வியையும் அளந்து சொல்ல ஆங்கிலத்தில் நல்ல வினையுரிச்சொற்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பார்ப்போமா?

யாருக்கு வருத்தம்?

'சேட்' என்பதோடு 'லி' சேர்த்தால் 'சேட்லி'. இந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும்.

'த பாய் வென்ட் ஹோம் சேட்லி' என்றால், பையன் வருத்தத்தோடு வீட்டுக்குப் போனான். வருத்தம் பையனுக்கு.

'சேட்லி, த பாய் வென்ட் ஹோம்' என்றால், 'அடடா, பையன் வீட்டுக்குப் போய்விட்டானே!' என்று பொருள். இப்போது வருத்தம் சொல்பவருக்கு. பையன் சீட்டியடித்துக்கொண்டு கூடப் போயிருக்கலாம்! முதலில் வரும்போது அடுத்து ஒரு காற்புள்ளி வைக்க மறக்காதீர்கள்.

'அன்ஃபார்ச்சுனேட்லி' என்ற சொல்லும் பெரும்பாலும் இப்படி முன்னால் வந்து நிற்கும். ரோமானியர்கள் அதிர்ஷ்டத்தின் தெய்வமாக வணங்கிய ஃபார்ச்சூனாவின் பெயர் இதற்குள் ஒளிந்திருக்கிறது. 'அன்' சேர்ந்ததால் அதிர்ஷ்டம் இல்லாமல் போயிற்று. நம் வீட்டுப் பெரியவர்கள் 'கொடுத்து வைக்கவில்லை' என்பார்களே, அந்த மாதிரி. 'அன்ஃபார்ச்சுனேட்லி, இட் ரெயின்ட்' என்று எழுதலாம். மழை நம் கையில் இல்லை. 'அன்ஃபார்ச்சுனேட்லி, ஐ டிட் நாட் டூ மை ஹோம்வொர்க்' என்று எழுதினால் இலக்கணப்படி சரிதான். ஆனால், பாடம் எழுதாதது உங்கள் செயல். பழியை அதிர்ஷ்டத்தின் தலையில் போடலாமா? அங்கே 'ஐ ஆம் சாரி' என்பதே அழகு.

முயன்றும் கிடைக்கவில்லையா?

தமிழில் 'உம்' என்ற ஒரு சின்ன எழுத்துக் கூட்டம் பெரிய வேலை செய்கிறது. 'தேடியும்', 'ஓடியும்', 'கெஞ்சியும்' என்று நிறுத்திவிட்டாலே போதும், பலன் இல்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குத் தனிச் சொற்கள் வேண்டும். 'தே சர்ச்ட் இன் வெயின்' என்றால், தேடியும் கிடைக்கவில்லை. 'வெயின்' என்பது வெறுமை என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தேடிய கை வெறுங்கையாகத் திரும்பியது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தோல்வி?

தேர்ச்சி மதிப்பெண் 35. ஒருவன் 34 எடுத்தான். இன்னொருவன் 5 எடுத்தான். இருவரும் 'ஃபெயில்ட்'தான். ஆனால் முதல்வன் 'நேரோலி ஃபெயில்ட்', அதாவது நூலிழையில் தவறினான். இரண்டாமவன் 'ஃபெயில்ட் மிசரபிளி', அதாவது படுதோல்வி.

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று, அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. முதல் கட்டம் நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதானதால் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இஸ்ரோ அந்த முயற்சியைப் 'பார்ஷியலி சக்ஸஸ்ஃபுல்' என்று குறிக்கிறது. அதாவது, ஒரு பகுதி மட்டும் வெற்றி. இது வெறும் சமாதானம் அல்ல. எது சரியாக நடந்தது, எது கெட்டது என்று பிரித்துப் பார்த்தால்தானே கெட்டதைச் சரிசெய்ய முடியும்? 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது.

ஆகவே, ஒரு தேர்வில் குறைந்துவிட்டால் 'ஹோப்லெஸ்லி' என்ற சொல்லை எடுக்காதீர்கள். 'ஹோப்' என்றால் நம்பிக்கை. 'லெஸ்' என்றால் இல்லாமல். தோல்வி ஒருநாள் வந்து போகும். நம்பிக்கையையும் அதோடு சேர்த்து அனுப்பிவிடலாமா?

ஏமாற்றும் இருவர்

கடுமையாக உழைத்தேன் என்பதற்கு 'ஐ வொர்க்ட் ஹார்ட்' என்பதே சரி. 'ஐ ஹார்ட்லி வொர்க்ட்' என்றால், வேலையே செய்யவில்லை என்ற மாதிரி! 'ஹி சேங் பேட்லி' என்றால் மோசமாகப் பாடினான். ஆனால் 'ஐ பேட்லி நீட் எ பென்' என்பதில் மோசம் ஏதுமில்லை. பேனா மிகவும் அவசியம் என்று பொருள்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

1. பூனைக்குட்டியைத் தேடியும் கிடைக்கவில்லை.
2. ரயிலை ஒரு நிமிடத்தில் தவறவிட்டாள்.
3. தாத்தா வருத்தத்தோடு கதவை மூடினார்.

பொருந்தும் சொற்கள்: 1. இன் வெயின் 2. நேரோலி 3. சேட்லி (இது வாக்கியத்தின் கடைசியில்!)

மூன்றில் ஒன்று தவறினாலும் கவலை வேண்டாம். நீங்களும் 'பார்ஷியலி சக்ஸஸ்ஃபுல்'தான்!