'அட்மிட் ஆகியிருக்க வேண்டியதே இல்லை' என்று கிளெய்மை மறுத்தால்...

நள்ளிரவில் நெஞ்சுவலி. ஈசிஜியைப் பார்த்த டாக்டர் உடனே அட்மிட் ஆகச் சொல்கிறார். சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை டிரோபோனின் ரத்தப் பரிசோதனை, பிறகு எக்கோ. மாரடைப்பு இல்லை என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த நிம்மதி அடங்குவதற்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது: 'பரிசோதனைக்காக மட்டுமே அனுமதி. வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம். கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.' காய்ச்சலுக்குச் சேர்ந்தவர்களுக்கும் இப்படி வருவதுண்டு.

அதோடு விட்டுவிடாதீர்கள். மாரடைப்பு இல்லை என்பது பரிசோதனை முடிந்த பிறகுதான் தெரிந்தது. சேர்த்த நேரத்தில் டாக்டருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்தே அட்மிஷன் தேவையா என்று பார்க்க வேண்டும். உங்கள் வாதம் முழுக்க இதில் நிற்கட்டும்.

பாலிசியில் 'மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சை' எது என்ற விளக்கம் இருக்கும். நோய்க்கு அது தேவைப்பட்டிருக்க வேண்டும். அளவுக்கு மீறியிருக்கக் கூடாது. டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும். மருத்துவ உலகம் ஏற்ற முறையாக இருக்க வேண்டும். இந்த நான்குக்கும் பதில் சொல்லும் கடிதத்தைச் சிகிச்சை அளித்த டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். 'அட்மிஷன் அவசியமாக இருந்தது' என்ற ஒற்றை வரி போதாது. வயது, சர்க்கரை நோய், வலி இடது கைக்குப் பரவியது, ஈசிஜியில் எழுந்த சந்தேகம், அன்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆபத்து என எல்லாம் அதில் வர வேண்டும். நர்ஸ்கள் குறித்த சார்ட்டுடன் கேஸ் ஷீட் நகலையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. டிஸ்சார்ஜ் சம்மரியை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே படித்துவிடுவது நல்லது. 'பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டார்' என்று மட்டும் இருந்தால், நோயின் அறிகுறிகளையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளெய்மே போய்விட்டதென்று அர்த்தமில்லை. பணம் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். 2024-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்க முடியாது. பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். நிறுவனத்தின் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். உங்களுக்குத் தீர்ப்பு பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே முதலிலேயே வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார்.