கேபிளில் பழுது எங்கே? எதிரொலி சொல்லும்!

2015 டிசம்பர் பெருமழை ஓய்ந்த சமயம். மாமல்லபுரத்தில் என் மாமா ஒரு சிறிய லாட்ஜ் நடத்தி வந்தார். டெலிபோனில் ஒரே கரகரப்பு. பிராட்பேண்ட் அடிக்கடி கட் ஆனது. ரூம் புக்கிங் எல்லாம் ஈமெயிலில்தான் வரும். சீசன் நேரம் என்பதால் மாமா தவித்துப் போனார். செங்கல்பட்டிலிருந்து நானும் போயிருந்தேன்.

பழுது பார்க்க வந்தவர்கள் டி.டி.ஆர். என்ற கருவியைக் கொண்டு வந்தார்கள். கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? அதே தத்துவம்தான். இரண்டு செப்புக் கம்பிகள் சேர்ந்தது ஒரு பேர். அதன் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, ஒரு முனையில் சிறு மின்துடிப்பை அனுப்புகிறார்கள். பழுதான இடத்தில் மோதி அது திரும்புகிறது. கம்பி அறுந்திருந்தால் திரையில் கோடு மேலே எழும்பும். ஷார்ட் ஆகியிருந்தாலோ தண்ணீர் புகுந்திருந்தாலோ கீழே இறங்கும்.

தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? துடிப்பின் வேகத்தை, அது போய்வர ஆன நேரத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். ஆனால் கருவி அளப்பது நேரத்தை மட்டுமே. வேகத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். அது கேபிளுக்குக் கேபிள் மாறும்.

அன்று கேபினெட்டிலிருந்து 880 மீட்டர் என்று காட்டியது. அளந்து போனால், புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோடு! கடப்பாரையைத் தூக்கியபோது மூத்த லைன்மேன் தடுத்தார். "தம்பி, அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை அளந்துடலாம்."

லாட்ஜ் பக்கத்திலிருந்து 550 மீட்டர் காட்டியது. இரண்டையும் கூட்டினால் 1430. பதிவேட்டிலோ கேபிளின் மொத்த நீளம் 1300 மீட்டர்தான். அப்படியானால் வேகம் தவறு! ஒளி வேகத்தில் 0.70 பங்கு என்று வைத்திருந்தார்கள். அந்த ஜெல்லி கேபிளுக்கு 0.64 பொருந்தியது. இப்போது பழுது 800 மீட்டரில். அங்கே மழைநீர் தேங்கிய பள்ளத்தில் ஒரு ஜாயிண்ட். திறந்தால் உள்ளே தண்ணீர், கம்பிகளில் பச்சைக் களிம்பு. ரோடு தப்பியது. மாலையே மாமாவுக்கு ஈமெயில் வந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். கருவி சொல்வது கேபிளின் நீளம், ரோட்டின் நீளம் அல்ல. ஜாயிண்ட்களில் சுருட்டி வைத்த கேபிளும் கணக்கில் சேரும்.

இன்று பல வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. அதில் மின்துடிப்புக்குப் பதில் ஒளித்துடிப்பு; முறை ஒன்றே.

உங்கள் வீட்டு லேன் கேபிளையும் இப்படிச் சோதிக்கலாம். 2020-இல் வந்த லினக்ஸ் கர்னல் 5.8 முதல், 'ஈத்டூல்' கட்டளையில் கேபிள் டெஸ்ட் வசதி உண்டு. உங்கள் நெட்வொர்க் சிப்பும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். சோதனையின்போது இணைப்பு சற்று நேரம் துண்டிக்கப்படும். சுவரை உடைக்கும் முன், இரு முனைகளிலிருந்தும் அளந்து பாருங்கள்!