கட்டுரையின் தலைவாயில்

நம் பள்ளி மாணாக்கர் எழுதும் கட்டுரைகளில் மிகவும் நலிந்த பகுதி யாதென்று வினவினால், முன்னுரையே என்று தயங்காது கூறுவோம். பொருள் நீராயினும் நூல் நிலையமாயினும், முதலில் ஒரு பழமொழியை நிறுத்தி, ‘இத்தகைய சிறப்பு வாய்ந்ததைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்’ என்று முடிப்பதே வழக்கமாகிவிட்டது. தலைப்பை மட்டும் மாற்றினால் அதே முன்னுரை வேறு நூறு கட்டுரைகளுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் உரியதன்று.

இது தமிழின் பழைய வழக்கமுமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்தின் இலக்கணத்தோடுதான் தொடங்குகிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைச் சிறப்புப் பாயிரம் அறிவிக்கவேண்டுமென்பது அதன் விதி. இவற்றுள் இறுதி மூன்றும் பள்ளிக் கட்டுரைக்கும் இன்றியமையாதவை. எதைச் சொல்லப் போகிறேன், யாருக்குச் சொல்கிறேன், அதனால் விளைவது என்ன? இம்மூன்றுக்கும் விடையறிந்த மாணாக்கனுக்குக் கடன் வாங்கிய முன்னுரை வேண்டுவதில்லை.

ஆயினும் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே தொடக்கம் ஏற்காது. மழை என்னும் ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம். வருணனைக் கட்டுரையாயின், ‘மழை இனியது’ என்று தொடங்குவதில் பயனில்லை. ஓர் இடத்தையும் ஒரு பொழுதையும் குறித்து, புழுதித் தெருவில் முதல் துளிகள் விழுந்ததும் எழும் மண்வாசனையைச் சொன்னால், படிப்பவன் மழையை உணர்வான்.

நிகழ்ச்சியை உரைக்கும் கட்டுரையோ நிகழ்ச்சியின் நடுவிலேயே நம்மைக் கொண்டு நிறுத்தவேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறிச் சென்னைத் தெருக்களுள் புகுந்ததை முதல் வாக்கியமே கூறலாம். வெள்ளத்தின் காரணங்கள் பின்னர் வரட்டும்.

விளக்கக் கட்டுரைக்கு நல்ல கேள்வியே நல்ல தொடக்கம். நாட்டின் பெரும்பகுதியில் ஜூன் முதல் மழை பெய்ய, தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசிக்குக் காத்திருப்பது ஏன்? தென்மேற்குக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதையும், ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வதையும் அறியும் ஆவல் அக்கேள்வியாலேயே பிறக்கும்.

வாதக் கட்டுரையில் எழுதுவோன் தன் பக்கத்தை முதற் பத்தியிலேயே அறிவித்துவிட வேண்டும். 2015இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு 2019 கோடையில் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. கட்டடந்தோறும் மழைநீரைச் சேமிக்கவேண்டும் என்ற சட்டமோ 2003இலேயே பிறந்தது. இம்மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்து, ‘சட்டம் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும்’ என்று ஒருவன் தொடங்குவானாயின், மறுக்க விரும்புவோனும் மேலே படித்தே தீருவான்.

வாழ்க்கை வரலாற்றுக்கு வருவோம். வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றி எழுதுவோர் 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார் என்றே தொடங்குகின்றனர். அது பொய்யன்று, ஆனால் பிறப்பு எல்லோருக்கும் உண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கப்பல் கம்பெனி கோலோச்சிய காலத்தில், 1906இல் ஒரு வக்கீல் அதற்கெதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார் என்பது அவர் ஒருவருக்கே உரியது. முன்னுரை அங்கே தொடங்கட்டும்.

முன்னுரை முதலில் நிற்பதால் முதலில்தான் எழுதப்படவேண்டும் என்பதில்லை. கட்டுரையின் உடலை எழுதி முடித்தபின், மேலே விட்டிருந்த இடத்தில் நாலைந்து வாக்கியங்களில் அதை எழுதலாம். தான் சொன்னது இன்னதென்று அப்போதுதான் எழுதியவனுக்கே தெளிவாகும்.

இதை அற்ப விஷயமென்று எண்ணுவோர் சற்றுச் சிந்திப்பாராக. பிறர் எழுதித் தந்த வாக்கியத்தால் தன் எண்ணத்தைத் தொடங்கப் பழகிய சிறுவன், வளர்ந்தபின் பிறர் எழுதித் தந்த கோஷத்தையே தன் அபிப்பிராயமென்று மேடையில் முழங்குவான். வாக்குரிமை பெற்ற மக்களுக்கு இதனினும் பெரிய வறுமை வேறில்லை. ஆதலின் உபாத்தியாயர்களை நாம் வேண்டுவது ஒன்றே: ஒரு பொருளைக் கொடுத்து அதற்கு நான்கு வகை முன்னுரை எழுதப் பணியுங்கள், மனப்பாடத்திற்கு அளிக்கும் மதிப்பெண்ணைச் சொந்தச் சொல்லுக்கு அளியுங்கள். பிழையோடு எழுதினாலும் அது அம்மாணாக்கனுடைய வாக்கியமாக இருக்கட்டும்.