இரண்டு வீரர்கள், ஒரே பந்து!

குழந்தைகளே... ஃபுட்பால் என்றதும், காலால் உதைக்கும் பந்துதானே நினைவுக்கு வரும்? அமெரிக்காவில் ஃபுட்பால் என்பது வேறு விளையாட்டு. முட்டை வடிவப் பந்தை, கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவர்! அங்கே கல்லூரி அணிகள் மோதினால், மைதானமே நிரம்பி வழியும்.

அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பந்தை, 10 கெஜ தூரம் முன்னே கொண்டுபோக வேண்டும். முடிந்தால், மீண்டும் நான்கு வாய்ப்புகள். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவதே முக்கிய வேலையாக உள்ளவரை, 'ரன்னிங் பேக்' என்பர்.

அவர் ஓடத் தொடங்கியதும், எதிரணியினர் பாய்ந்து வந்து மடக்கிப் பிடித்து, தரையில் சாய்ப்பர். ஒரு ஆட்டத்தில் 25 முறை ஓடினால், அத்தனை முறையும் அடி வாங்க நேரிடும். கால்கள் சோர்ந்துவிடும், காயம்படும், பந்தும் நழுவும். அதனால்தான் பல பயிற்சியாளர்கள், ஓடும் வேலையை இரண்டு, மூன்று பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றனர். ஒருவர் ஓட, மற்றவர் இளைப்பாறுவார். ஆட்டத்தின் கடைசி நேரத்திலும் சுறுசுறுப்பான கால்கள் தயாராக இருக்கும்.

ஆனால், பங்கிடுவது எளிதா? 'எனக்கு ஏன் குறைவு?' என்ற மனத்தாங்கல் வராதா?

அலபாமா மாநிலத்தில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழக அணியின் கதையைக் கேளுங்கள்.

அந்த அணியில் கார்னெல் வில்லியம்ஸ், ரோனி பிரவுன் என்று, இரண்டு சிறந்த ரன்னிங் பேக்குகள். 2002ல் வில்லியம்ஸுக்குக் கால் எலும்பு முறிந்தது. பிரவுன் பொறுப்பேற்று, அந்த ஆண்டு 1,000 கெஜத்துக்கு மேல் ஓடினார். 2003ல் குணமாகி வந்த வில்லியம்ஸ், 1,307 கெஜம் ஓட, பிரவுனுக்கு வாய்ப்பு குறைந்தது.

அப்போதே இருவரும் கல்லூரியை விட்டு, சம்பளம் தரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம், போகவில்லை. 2004ல் சேர்ந்தே ஆடினர். வில்லியம்ஸ் 239 முறை ஓடி, 1,165 கெஜம் எடுத்தார். பிரவுன் 153 முறை ஓடி, 913 கெஜம் எடுத்தார். சில நேரம் இருவரும் ஒன்றாகக் களத்தில் நிற்க, பந்து யாரிடம் போகும் என்று தெரியாமல் எதிரணி திணறியது.

அந்த ஆண்டு 13 ஆட்டங்கள். 13லும் ஆபர்னுக்கே வெற்றி! தோல்வியே காணாத வேறு இரண்டு அணிகள், தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்துக்குத் தேர்வானதால், அந்தப் பட்டம் மட்டும் கிட்டவில்லை.

இப்போது ஒரு கணக்கு. கெஜத்தை, ஓடிய முறையால் வகுத்துப் பாருங்கள். வில்லியம்ஸுக்கு ஏறக்குறைய 5. பிரவுனுக்கு ஏறக்குறைய 6 வரும். குறைந்த வாய்ப்பு கிடைத்தவர், கிடைத்ததை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார், பார்த்தீர்களா?

2005ல் தொழில்முறை அணிகள், கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தன. வில்லியம்ஸ் ஐந்தாவது, பிரவுன் இரண்டாவது!

விளையாட்டு விழாவில் உங்களுக்குச் சிறிய பங்கு கிடைத்தால், முகம் வாட வேண்டாம் செல்லங்களே. அதைச் சிறப்பாகச் செய்யுங்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பர்!