மனோரா: கோட்டையா, வெற்றித் தூணா?

ஏப்ரல் 18, உலக மரபு தினம். அதற்குள் பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை தயாரிக்க வேண்டும் என்று ஏற்காடு, நாகலூர் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. தமிழகத்தின் கடற்காவல் கோபுரம் எது என்பதுதான் கேள்வி. மல்லிப்பட்டினம் அருகே நிற்கும் மனோராவைக் ‘கோட்டை’ என்று எழுதலாமா என்கிறார்கள் பலர். பயண விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. அவற்றை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

காவல் கோபுரம் எப்படி வேலை செய்தது?

1794 பிப்ரவரியில் கார்சிகா தீவின் மோர்டெல்லா முனையில் ஒரு சின்னக் கோபுரம் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைத் திணறடித்தது. அதில் இருந்தவை மூன்றே பீரங்கிகள். 74 பீரங்கிகள் கொண்ட ‘ஃபார்டிடியூட்’ தீப்பிடித்துப் பின்வாங்கியது. சுமார் 60 பேர் இறந்தனர் அல்லது காயமடைந்தனர். கடைசியில் தரைவழியே வந்துதான் கோபுரத்தைப் பிடிக்க முடிந்தது.

தோற்றுக் கற்ற பாடத்தைப் பிரிட்டன் கோபுர வடிவமாக எடுத்துக்கொண்டது. 1804 முதல் இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ‘மார்டெல்லோ’ கோபுரங்கள் எழுந்தன. சூட்சுமம் நான்கு. கோபுரம் குட்டையாக, உருண்டையாக இருக்கும்; குண்டு வழுக்கிப் போகும். சுவர் ஒரே தடிமன் அல்ல: கடல் பக்கம் ஏறக்குறைய 4 மீட்டர், நிலப் பக்கம் அதில் பாதி. வாசல் தரையிலிருந்து மிக உயரத்தில். ஏணியை இழுத்துக்கொண்டால் உள்ளே வர வழியில்லை. உச்சியில் ஒரு பீரங்கி, அச்சில் சுழன்று எல்லாத் திசையிலும் சுடும். அலையில் ஆடும் கப்பலிலிருந்து சரியாகக் குறி வைப்பது கடினம். அசையாத தரையிலிருந்து சுடுபவனுக்கு அது எளிது. செலவு குறைவு, ஆட்கள் குறைவு, கப்பலுக்குத் தலைவலி. இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் இந்த வகையில் ஒன்று நிற்கிறது.

இந்த அளவுகோலை மனோராவுக்கு வையுங்கள். அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, சுமார் 75 அடி உயரம். சுற்றிலும் மதிலும் அகழியும் உண்டுதான். ஆனால் உயர்ந்து ஒடுங்கும் மாடங்கள் கப்பல்காரனுக்கு எட்டிய தூரத்திலிருந்தே நல்ல குறி. கட்டியவர் இரண்டாம் சரபோஜி. 1799 ஒப்பந்தத்தில் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்து, தஞ்சைக் கோட்டையோடு நின்றுவிட்ட மன்னர். காக்க ஒரு கடற்கரையோ அனுப்ப ஒரு படையோ அவரிடம் இல்லை. நெப்போலியன் வீழ்ந்ததையும் பிரிட்டிஷார் வென்றதையும் கொண்டாடவே எழுப்பியதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆகவே என் விடை: கோட்டை உடுப்பு மாட்டிய வெற்றித் தூண்.

வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியதா?
பலரும் அப்படி எழுதுகிறார்கள். கல்வெட்டின் ஆண்டு 1814, வாட்டர்லூ போர் 1815 ஜூன்.

மார்டெல்லோக்கள் ஏன் கைவிடப்பட்டன?
1860-இல் புரியிட்ட புதிய பீரங்கிகளால் சுட்டுப் பார்த்தார்கள், சுவர் தாங்கவில்லை.

எவை பிழைத்தன?
இங்கிலாந்தில் பாதிக்கும் குறைவு. வீடாகவோ அருங்காட்சியகமாகவோ மாறியவற்றுக்கே ஆயுள் கெட்டி.

மனோரா நலமா?
2004 சுனாமியில் அடிபட்டது, பின்னர் பழுது பார்த்தார்கள்.

தமிழகத்தில் உண்மையான கடற்கோட்டை?
தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க், 1620, டேனிஷ்காரர்கள் கட்டியது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது.

ஏற்காட்டில் ஏதாவது உண்டா?
1,500 மீட்டர் உயரத்துக்கு எந்தக் கப்பலும் ஏறி வராது.