விமானிகளின் ஓய்வு விதி: சந்தேகங்களும் விளக்கங்களும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் நாடு முழுவதும் அடுத்தடுத்து ரத்தாகின. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாகி, 1,852 விமானங்கள் தாமதமாகி, 3 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் விமான நிலையங்களில் சிக்கிக்கொண்டனர். கோவில் தரிசனத்துக்காக வெளிமாநிலங்களில் இருந்து காஞ்சிபுரம் வருவோருக்கும், இங்கிருந்து பட்டு வியாபாரத்துக்காக டெல்லி, மும்பை செல்வோருக்கும் சென்னை மீனம்பாக்கம்தான் விமான நிலையம் என்பதால் இந்த ரத்துகள் காஞ்சிபுரத்துக்கும் தொடர்புடையவை. விமானிகளின் ஓய்வு, நிர்வாகிகள் மீதான நடவடிக்கை, பயணிகளுக்கான இழப்பீடு ஆகியவை குறித்துப் பொதுமக்களிடம் எழுந்துள்ள சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு:

விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுத்ததால்தான் விமானங்கள் ரத்தானதா?

ஓய்வு விதி திடீரென்று வந்ததல்ல. 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டு, அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அமலாக வேண்டிய விதி அது. விமான நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போனது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. விதி வெளியானதற்கும் முழுமையாக அமலானதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்ததால், ரத்துக்கான காரணத்தை ஓய்வில் அல்ல, அதற்கான ஆயத்தம் இல்லாததில்தான் தேட வேண்டும்.

புதிய விதி என்ன சொல்கிறது?

விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டுள்ளது. இந்த 48 மணி நேரம் தொடர்ச்சியாகவும் இரண்டு முழு இரவுகளை உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும். ஒரு வாராந்திர ஓய்வு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் 168 மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது. இரவுப் பணியில் ஒரு விமானி 6 முறை வரை விமானத்தைத் தரையிறக்கலாம் என்றிருந்தது 2 முறையாகக் குறைக்கப்பட்டது. இரவு நேரத்தைத் தொடும் பணியில் பறக்கும் நேரம் 8 மணி, மொத்தப் பணி நேரம் 10 மணி என்பது உச்சவரம்பு.

இரவு என்பது எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?

நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை என்று முன்பு இருந்தது, இப்போது 6 மணி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. உதாரணமாக, அதிகாலை 5.40க்குச் சென்னையில் இறங்கும் விமானம் பழைய கணக்கில் பகல் தரையிறக்கம், புதிய கணக்கில் இரவுத் தரையிறக்கம். காலையின் முதல் விமானங்கள் பலவும் இதனால் இரவுப் பணிக் கணக்கில் சேர்ந்தன; அவற்றை இயக்கக் கூடுதல் விமானிகள் தேவைப்பட்டனர்.

ஒரு மணி நேரத் தூக்கம் குறைந்தால் ஆபத்து வந்துவிடுமா?

மனித உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் அதிகாலை 2 முதல் 6 மணி வரை என்று விமானப் பணி விதிகளே வரையறுக்கின்றன. 2010 மே 22 அன்று துபாயில் இருந்து இரவு முழுவதும் பறந்து, காலை 6 மணியைத் தாண்டிய சில நிமிடங்களில் மங்களூரில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. அதில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தனர். விமானி பயணத்தின்போது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் உறங்கியதும், விழித்த பின்னும் நீடித்த தூக்கக் கலக்கமும் விசாரணை அறிக்கையில் பதிவாகியுள்ளன. விமானி அறைக் குரல்பதிவுக் கருவியில் குறட்டை ஒலி பதிவாகியிருந்தது. துணை விமானி பலமுறை எச்சரித்தும் தரையிறக்கம் கைவிடப்படவில்லை.

விதி எல்லா நிறுவனங்களுக்கும் பொதுதானே, இண்டிகோ மட்டும் ஏன் தடுமாறியது?

உள்நாட்டுப் பயணிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் பேரை ஏற்றிச் செல்லும் நிறுவனம் என்பதால் அதன் தடுமாற்றம் நாடு முழுவதும் தெரிந்தது. விமானம், விமானி, பணி அட்டவணை ஆகிய அனைத்தையும் இடைவெளியே இல்லாமல் இறுக்கிப் பயன்படுத்தியது, புதிய விதிக்குப் போதிய ஆயத்தம் செய்யாதது, மென்பொருள் குறைபாடு, நிர்வாகக் கட்டமைப்பின் குறைகள் ஆகியவற்றை, இந்த ரத்துகளை விசாரித்த குழு காரணங்களாகக் கூறியது.

பாதுகாப்புக்கான விதி என்றால் அதில் இருந்து விலக்கு அளித்தது ஏன்?

இரவுப் பணி தொடர்பான சில விதிகளில் இருந்து இண்டிகோவுக்கு மட்டும் 2025 டிசம்பர் 5 அன்று தற்காலிக விலக்கு தரப்பட்டது. அதன் கெடு 2026 பிப்ரவரி 10. வாராந்திர ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக்கூடாது என்ற உத்தரவும் அதே நாளில் எல்லா நிறுவனங்களுக்கும் விலக்கிக்கொள்ளப்பட்டது. சிக்கிய பயணிகளை ஊர் சேர்ப்பதற்கான அவசர ஏற்பாடு என்று அரசு தரப்பில் கூறப்பட்டது. ஆயத்தம் செய்யாத நிறுவனத்துக்கே சலுகை கிடைத்தது என்ற விமானிகள் சங்கங்களின் ஆட்சேபம் எளிதில் தள்ளக்கூடியதல்ல.

இந்த விதிகளைப் போடுவது யார்? விபத்தை விசாரிப்பதும் அவர்களா?

டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் விதிகளை வகுத்து, நிறுவனங்களுக்கும் விமானிகளுக்கும் உரிமம் வழங்கி, சோதனை நடத்துகிறது. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள பாரதிய வாயுயான் அதிநியம் இதற்கான சட்டம். விபத்து விசாரணை தனி அமைப்பான விமான விபத்து புலனாய்வுப் பணியகத்தின் பொறுப்பு. 260 பேரைப் பலி கொண்ட 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தை விசாரிக்கும் பொறுப்பும் அதனிடமே உள்ளது. பயணிகள், உடைமைகள் சோதனைக்கான பாதுகாப்பு விதிகள் மற்றொரு பணியகத்திடம் உள்ளன.

இண்டிகோ மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?

2026 ஜனவரி 17 அன்று மொத்தம் ரூ.22.20 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. இதில் ரூ.1.80 கோடி ஒருமுறை அபராதம், மீதி ரூ.20.40 கோடி, டிசம்பர் 5 முதல் பிப்ரவரி 10 வரையிலான 68 நாட்களுக்கு நாளொன்றுக்கு ரூ.30 லட்சம் என்ற கணக்கில் வந்தது. சீர்திருத்தங்களை உறுதிசெய்ய ரூ.50 கோடிக்கு வங்கி உத்தரவாதமும் கேட்கப்பட்டது. இதற்கு முன்பே, டிசம்பரில், அதன் விமானச் சேவைகளில் 10 சதவீதம் குறைக்கப்பட்டது.

தனியார் கம்பெனி அதிகாரியை மாற்றச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டா?

தலைமைச் செயல் அதிகாரியை நியமிப்பது நிறுவனத்தின் இயக்குநர் குழு. ஆனால் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் அதிகாரி ஒருவரை ஒவ்வொரு நிறுவனமும் டிஜிசிஏவிடம் அறிவிக்க வேண்டும். இயக்க உரிமமே இத்தகைய நிபந்தனைகளோடுதான் வருகிறது. இண்டிகோ விவகாரத்தில் தலைமைச் செயல் அதிகாரிக்கும் தலைமை இயக்க அதிகாரிக்கும் எச்சரிக்கை தரப்பட்டு, இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தின் மூத்த துணைத் தலைவரைப் பொறுப்பில் இருந்து விடுவிக்க உத்தரவிடப்பட்டது. 2025 ஜூனில், விமானிகளின் பணி அட்டவணை விதிகள் மீறப்பட்டதற்காக, ஏர் இந்தியாவின் மூன்று அதிகாரிகளைப் பணி அட்டவணைப் பொறுப்பில் இருந்து நீக்கவும் உத்தரவிடப்பட்டது.

ஏர் இந்தியா இப்போது அரசு நிறுவனமா, தனியாரா?

2022 ஜனவரி 27 முதல் அது டாடா குழுமத்தின் நிறுவனம். விலை ரூ.18,000 கோடி, இதில் ரூ.2,700 கோடி ரொக்கம், ரூ.15,300 கோடி கடன் பொறுப்பு. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா அதனுடன் இணைந்த பிறகு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் 25.1 சதவீதப் பங்கு உள்ளது.

கம்பெனி கைமாறினாலோ மூடினாலோ முன்பதிவு செய்த டிக்கெட் செல்லுமா?

இணைப்பு என்றால் செல்லும். விஸ்தாராவில் பதிவு செய்தவர்களின் டிக்கெட்டுகள் ஏர் இந்தியா டிக்கெட்டுகளாக மாற்றப்பட்டன. மூடப்பட்டால் நிலைமை வேறு. 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ், 2023 மே 3 அன்று நிறுத்திய கோ ஃபர்ஸ்ட் இரண்டும் பின்னர் கலைப்பு நடவடிக்கைக்குச் சென்றன. அத்தகைய நிலையில் பணம் வர வேண்டிய பயணி, வங்கிகள் உள்ளிட்ட கடன் கொடுத்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேரிடும்.

விமானம் ரத்தானால் எவ்வளவு கிடைக்கும்?

மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைப் பயணி கேட்டுப் பெறலாம். உரிய முன்னறிவிப்பு இல்லாவிட்டால் இழப்பீடும் உண்டு: பறக்கும் நேரம் 1 மணி வரை என்றால் ரூ.5,000, 2 மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. வானிலை, கலவரம், இயற்கைச் சீற்றம் போன்று நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. கிரெடிட் கார்டில் செலுத்திய பணம் 7 நாட்களுக்குள் திரும்ப வேண்டும்.

டிசம்பரில் இண்டிகோ அறிவித்த ரூ.10,000 கூப்பன் இதில் சேருமா?

சேராது, அது தனி. டிசம்பர் 3, 4, 5 தேதிகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பயணிகளுக்கு, 12 மாதங்களுக்குள் இண்டிகோ பயணத்துக்கு மட்டும் பயன்படுத்தும் வகையில் அது அறிவிக்கப்பட்டது.

தாமதம் மட்டும் ஆனால் என்ன உரிமை?

இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். நீண்ட பயணங்களுக்கு இந்த வரம்பு 3 அல்லது 4 மணி நேரம். தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ தங்கும் அறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

காஞ்சிபுரத்தில் இருந்து வந்த டாக்சி வாடகையும் திரும்பக் கிடைக்குமா?

டிஜிசிஏ விதியில் வீட்டில் இருந்து விமான நிலையம் வரையிலான வாடகை இல்லை. அதை நுகர்வோர் ஆணையத்தில் தனியாகக் கோரலாம், ரசீது அவசியம்.

பெட்டியில் வைத்த பட்டுச்சேலைகள் தொலைந்தால் முழு விலை கிடைக்குமா?

உள்நாட்டு விமானங்களில் ஒப்படைத்த உடைமை தொலைந்தாலோ சேதமானாலோ நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு ரூ.20,000 வரை மட்டுமே. ஜரிகை வேலை கொண்ட ஒரே கல்யாணப் புடவைகூட இதைத் தாண்டிவிடும் என்பதால், காஞ்சிபுரம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய நிபந்தனை இது. பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பை எழுதித் தெரிவித்து, அதற்கான கூடுதல் கட்டணம் செலுத்தினால் அறிவித்த மதிப்பு வரை கோர முடியும்.

டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு எப்போதும் உண்டா?

இல்லை. 2025 டிசம்பர் 6 அன்று 500 கி.மீ. வரை ரூ.7,500, 1,000 கி.மீ. வரை ரூ.12,000, 1,500 கி.மீ. வரை ரூ.15,000, அதற்கு மேல் ரூ.18,000 என்று விதிக்கப்பட்ட வரம்பு ஒரு தற்காலிக ஏற்பாடு. சாதாரண நாட்களில் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன.

பரந்தூர் விமான நிலையம் வந்தால் விமானங்கள் இப்படி ரத்தாகும் நிலை மாறுமா?

விமான நிலையம் வேறு, விமான நிறுவனம் வேறு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 5,746 ஏக்கரில் திட்டமிடப்பட்ட பரந்தூருக்கு 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை ரீதியான ஒப்புதல் அளித்தது. நிலத்தில் 3,774 ஏக்கர் பட்டா நிலம் என்பதால் ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களில் 2022 முதல் எதிர்ப்புப் போராட்டம் நடந்து வருகிறது. எத்தனை ஓடுபாதைகள் வந்தாலும் விமானிகளின் பணி நேர வரம்பு அப்படியேதான் இருக்கும்.

புகாரை யாரிடம், எத்தனை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்?

முதலில் விமான நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் எழுத்துமூலம் தர வேண்டும். பதில் திருப்தி இல்லாவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, டிக்கெட் எங்கே வாங்கப்பட்டிருந்தாலும் பயணி வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். காலக்கெடு, பாதிப்பு ஏற்பட்ட நாளில் இருந்து இரண்டு ஆண்டுகள். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. டிக்கெட், ரத்து குறித்து வந்த குறுஞ்செய்தி, போர்டிங் பாஸ், செலவு ரசீதுகள் ஆகியவற்றை மனுவுடன் இணைக்க வேண்டும்.