படைத்துறைத் தகவல் பாதுகாப்பில் அடுக்குப் பாதுகாப்பு

அடுக்குப் பாதுகாப்பு என்பது ஒரு தடை உடைந்தாலும் அடுத்த தடை ஊடுருவியவரைத் தாமதப்படுத்தும் அல்லது காட்டிக்கொடுக்கும் வகையில் பல தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கும் உத்தியாகும். அகழி, மதில், உள்மதில் எனக் கோட்டை கட்டியவர்கள் அறிந்திருந்த முறைதான் இது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2002 அக்டோபரில் வெளியிட்ட 8500.1 என்ற பணிப்பாணை, கணினி வலையமைப்புகளுக்கும் இதை விதியாக்கியது. ஆட்கள், செயல்முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாதுகாப்பு என்பது அதன் நிலைப்பாடு.

அமெரிக்க அரசின் மறைபொருள் தகவல்கள் அந்தரங்கம், இரகசியம், அதி இரகசியம் என மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன. தகவல் வெளியானால் நாட்டின் பாதுகாப்புக்கு எவ்வளவு கேடு நேரும் என்பதே இதற்கு அளவுகோல். இரகசியத் தரம் வரையிலானவை ‘சிப்ர்நெட்’ என்ற தனி வலையமைப்பில் செல்கின்றன. அது பொது இணையத்துடன் இணைக்கப்படாதது. இந்தப் பிரிப்பே போதிய காவல் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது.

2008-இல் மத்திய கிழக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில், தீநிரல் புகுந்த யுஎஸ்பி நினைவகம் ஒன்று மடிக்கணினியில் செருகப்பட்டது. ‘ஏஜென்ட்.பிடிஇசட்’ எனப்படும் அந்தப் புழுநிரல், செருகப்படும் ஒவ்வொரு நினைவகத்திலும் தன்னைப் படியெடுத்துக்கொண்டு, இணையம் எட்டாத வலையமைப்புக்குள்ளும் பரவியது. கம்பி இல்லாத இடத்தில் மனிதர்களின் சட்டைப்பையே கம்பியாகிவிட்டது. 2008 நவம்பரில் யுஎஸ்பி நினைவகங்கள் தடைசெய்யப்பட்டன. புழுநிரலை முழுதும் அகற்ற ஏறத்தாழ 14 மாதங்கள் ஆயின. அமெரிக்க இணையவெளிக் கட்டளையகம் 2009-இல் உருவாக்கப்பட்டதற்கு இந்நிகழ்வு ஒரு முக்கியக் காரணம்.

அந்தத் தடை ஒரு வாசலை மட்டுமே அடைத்தது. குறுவட்டில் எழுதும் வசதி பல கணினிகளில் தொடர்ந்தது. ஈராக்கில் உளவுத் தகவல் பகுப்பாய்வாளராகப் பணியாற்றிய செல்சி மேனிங், 2010-இல் 2,50,000-க்கும் மேற்பட்ட தூதரகச் செய்திகள் உட்படப் பெருந்தொகையான ஆவணங்களை எடுத்து விக்கிலீக்சுக்கு அளித்தார். பாடகி லேடி காகாவின் பெயர் எழுதிய குறுவட்டில் தரவுகளைப் பதிந்ததாக அவரே இணைய அரட்டையில் கூறியிருந்தார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அனுமதிச் சான்றும் கடவுச்சொல்லும் அவரிடம் முறைப்படியே இருந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், துறைகளுக்கிடையே தகவல் தடையின்றிப் பகிரப்பட வேண்டும் என்பதற்காக அணுக்கம் விரிவாக்கப்பட்டிருந்தது. பணிக்குத் தேவையானதை மட்டுமே ஒருவர் பார்க்கலாம் என்ற பழைய விதி இதனால் தளர்ந்தது. வழக்கத்துக்கு மாறான பதிவிறக்கத்தை எந்தக் கண்காணிப்பும் எச்சரிக்கவில்லை. அரட்டையில் பேசியவர் அதிகாரிகளிடம் தெரிவித்ததாலேயே விவரம் வெளிவந்தது. விதிகள் வெளியாரை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தன என்பதை இவ்வழக்கு போல வேறெதுவும் தெளிவாகக் காட்டியதில்லை.

2011 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட 13587-ஆம் எண் நிர்வாக ஆணை, உள்ளிருந்து வரும் அச்சுறுத்தல்களுக்கெனத் தனிப் பணிக்குழுவை அமைத்தது. சிப்ர்நெட் கணினிகள் பெரும்பாலானவற்றில் வெளி ஊடகங்களில் எழுதும் வசதி முடக்கப்பட்டது. எழுத வேண்டிய தேவை போர்க்களத்தில் முற்றிலும் மறைவதில்லை என்பதால், குறிப்பிட்ட சில கணினிகளுக்கு மட்டும் கட்டுப்பாடுகளுடன் அவ்வசதி விட்டுவைக்கப்பட்டது.